கழுத்துப் பட்டியல்

பாதுகாப்புத் துறையின் முன்னுரிமைக் குழுவில் இருபத்திரண்டு வருடம் சுருக்கெழுத்தராக இருந்தேன். நாட்டைக் காக்க எது முதலில் வேண்டும், எது பிறகு வேண்டும், எது இல்லாமலே சமாளித்துக்கொள்ளலாம் என்று தீர்மானிக்கிற குழு அது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். நிமிர வேண்டாம். நான் அந்த அறைக்குள் இருந்தவள்.

மூன்றாம் மாடியில் ஒரு நீள மேசை. அதன் ஒரு முனையில் பலகை ஈரத்தில் ஊதிப்போய் மேலே எழும்பியிருக்கும். அங்கே ஃபைல் வைத்தால் சரிந்து மடியில் விழும். அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதில்தான் முப்படைகளும் உண்மையாகப் போரிட்டு நான் பார்த்திருக்கிறேன். ஏசியின் ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது. கோடையிலும் எல்லோரும் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நடுங்குவார்கள். புது ரிமோட் வாங்கும் விஷயம் இரண்டு தடவை குழுவின் முன் வந்து இரண்டு தடவையும் ஒத்திவைக்கப்பட்டது. என் இடம் மேசையில் இல்லை. தலைவரின் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் ஒரு நாற்காலி. நோட்டு என் முழங்காலில் இருக்கும்.

தலைவர் துறைச் செயலாளர். அலுவலகத்தில் அவருக்குத் தாமரை இலை என்று பெயர். எந்தப் புகாரும் அவர்மேல் ஒட்டாமல் உருண்டு பக்கத்தில் இருப்பவர் மடியில் விழும். தரைப்படையிலிருந்து வருபவர் பீரங்கி. பேனா இரவல் கேட்டாலும் கீழ்த்தளத்துக்குக் கேட்கும். கடற்படையிலிருந்து வருபவர் மீசை. அவரிடம் அதைத் தவிரச் சொல்ல வேறு எதுவும் இல்லை. வான்படைக்காரர் தூங்குவார். அவருக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. நிதித் துறையின் ஆள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்.

பட்ஜெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் நிதித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். கஜானா காலி, இத்தனை சதவீதம் குறையுங்கள் என்று. ஒவ்வொரு படையும் தன்னால் எதையெல்லாம் விட்டுக்கொடுக்க முடியும் என்று வரிசைப்படுத்தித் தர வேண்டும். காகிதத்தில் அதற்குப் பெயர் விட்டுக்கொடுப்புப் பட்டியல். டைப் அடிக்கிறவர்களான நாங்கள் கழுத்துப் பட்டியல் என்போம். அதில் யாரும் தங்கள் கொழுப்பை எழுத மாட்டார்கள், கழுத்தைத்தான் நீட்டுவார்கள்.

பீரங்கி சிப்பாய்களின் பூட்ஸை நீட்டுவார். வான்படைக்காரர் ஓடுபாதையில் நிற்கும் தீயணைப்பு வண்டியை நீட்டுவார். மீசை நீட்டுவது மீட்புப் படகின் எஞ்சினை. கடலில் ரோந்துப் படகு எதற்காவது ஆபத்து என்றால் துறைமுகத்திலிருந்து பாய்ந்து போக வேண்டிய ஒரே படகு அது.

"வேற வழியில்ல சார். பணம் இல்லன்னா இதைத்தான் வெட்டணும்" என்பார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார்.

"ஐயையோ, மீட்புப் படகா? அதுல எப்படி சார் கை வைக்கிறது!" என்று நிதிக்காரர் பதறுவார்.

தாமரை இலை இருமுவார். அந்த இருமலுக்கு "இதை வெட்ட இயலாது எனக் குழு கருதுகிறது" என்று அர்த்தம். நான் அப்படியே எழுதிக்கொள்வேன். கடைசியில் எதையும் வெட்ட முடியாமல், கூடுதல் பணம் கேட்டு மந்திரிசபைக்குக் கடிதம் போகும். தலைமையகக் கட்டிடத்துக்குக் கண்ணாடி முகப்பு, தளபதி பங்களாவின் புல்வெளி, இன்னும் வரைபடத்திலேயே இருக்கிற புதுப் போர்க்கப்பலுக்கு முன்பணம் எல்லாம் அத்தியாவசியப் பட்டியலில் பத்திரமாக இருக்கும். பதினோரு வருடம் இந்த நாடகத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்திருக்கிறேன். வசனம்கூட மாறியதில்லை.

கூட்டம் முடிந்ததும் இன்னொரு வழக்கம் உண்டு. முடிவுகளை நான் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குழு "சரி" சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதுவே முடிவு. பிறகு அதை மாற்ற மந்திரிசபையால்தான் முடியும். இந்த விதியை எழுதியவர் நிதானமான மனிதராக இருந்திருக்க வேண்டும். இவர்களைப் பார்த்திருக்க மாட்டார். நான் வாசிக்க ஆரம்பித்ததும் பேனாக்களை மூடும் சத்தம் கேட்கும். பீரங்கி சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். தாமரை இலை போனை எடுத்து டிரைவரிடம் "வண்டிய முன்னாடி கொண்டா" என்பார். நடுநடுவே சரி, சரி, சரி. தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

என் கணவர் ரோந்துப் படகு ஏழில் வானொலிக்காரராக இருந்தார். அவர் தம்பி, என் கொழுந்தன், அதே துறைமுகத்தில் மீட்புப் படகின் எஞ்சின் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச இடமிருக்காது.

"நீ ஒரு தடவையாவது தண்ணியில விழுண்ணே. அப்பத்தான் என் எஞ்சினுக்கும் ஒரு மரியாதை" என்பான் தம்பி.

"உன் எஞ்சின நம்பி விழறதுக்கு நான் நீச்சல் கத்துக்குவேன்டா" என்பார் இவர்.

மீசை படகை நீட்டுகிற கதையை நான் வீட்டில் நடித்துக் காட்டியிருக்கிறேன். கூட்டத்தில் நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று வேலையில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். இதை நாங்கள் ரகசியமாக நினைக்கவில்லை, வேடிக்கையாகத்தான் நினைத்தோம். இரண்டு பேரும் புரையேறச் சிரிப்பார்கள்.

பன்னிரண்டாவது வருடம் நிதித் துறையிலிருந்து புது ஆள் வந்தார். மெலிந்த உடம்பு, வாராத தலை, கையில் சிவப்புப் பேனா. ஒரே வாரத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர் விழுந்தது. தரப்பட்ட காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்த முதல் மனிதர் அவர்தான். அந்த ஆண்டு பன்னிரண்டு சதவீதம் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.

மீசை வழக்கம்போல் ஆரம்பித்தார். "வேற வழியில்ல சார். பணம் இல்லன்னா இதைத்தான் வெட்டணும்."

"ரொம்ப நன்றி சார்" என்றார் கத்தரி. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.



"எதுக்கு நன்றி?" என்றார் மீசை.

"விட்டுக்கொடுத்ததுக்கு. எல்லாரும் இப்படி மனசு வச்சா பன்னெண்டு சதவீதம் சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

மீசை தாமரை இலையைப் பார்த்தார். தாமரை இலை இருமினார். கத்தரி புதியவர், அவருக்கு அந்த இருமல் வெறும் இருமலாகக் கேட்டது. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சார், இது மீட்புப் படகு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்."

"அப்புறம் ஏன் சார் வெட்டறதுல முதல் ஆளா இதைப் போட்டிருக்கீங்க?"

இதற்கு ஒரு பதில் இருந்தது. சும்மா போட்டோம், நீங்கள் வெட்ட மாட்டீர்கள் என்று நினைத்துப் போட்டோம் என்பதே அது. அதைச் சொல்லியிருந்தால் மற்ற ஃபைல்களையும் கத்தரி புரட்டியிருப்பார். போர்க்கப்பலின் முன்பணத்தில் போய் நின்றிருப்பார். மீசை ஒரு கணம் யோசித்தார். நாலு மீட்டர் தள்ளியிருந்து அந்த யோசனையை நான் பார்த்தேன். ஒரு தட்டில் கப்பல், மறு தட்டில் படகு. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "நாட்டுக்காகக் கடற்படை எந்தத் தியாகத்துக்கும் தயார்" என்றார்.

அந்தக் குளிரிலும் பீரங்கிக்கு வேர்த்தது. "சார், ஒரு நிமிஷம். எங்க லிஸ்ட்ல முதல்ல பூட்ஸ்னு இருக்குல்ல, அது டைப்பிங் மிஸ்டேக்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, பாத்து அடிக்கக்கூடாதா?"

வான்படைக்காரர் விழித்துக்கொண்டார். "எங்களுதும் டைப்பிங் மிஸ்டேக்தான்" என்றார்.

"சாரி சார்" என்றேன்.

சாப்பாட்டு வேளையில் வராந்தாவில் மீசை தன் உதவியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "விடுய்யா, அடுத்த வாரம் மந்திரிகிட்ட பேசி சரி பண்ணிக்கலாம்." அடுத்த வாரம் மந்திரி போர்க்கப்பலின் மாதிரியைத் திறந்து வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கால் மீட்டர் நீளத்தில் இருந்தது அந்தக் கப்பல். அந்த விழாவில் பழுதுபட்ட எஞ்சினைப் பற்றிப் பேசுவது நாகரிகமாக இருக்காது அல்லவா?

மாலை நான் முடிவுகளை வாசித்தேன். பதினான்காம் எண்ணுக்கு வந்தேன். "பதினான்கு. மீட்புப் படகின் எஞ்சின் பழுதுபார்ப்பும் உதிரி பாகங்களும் இந்த நிதியாண்டில் கைவிடப்படுகின்றன." மற்ற எண்களுக்கு விடாத இடைவெளி ஒன்றை அங்கே விட்டேன். யாராவது தலையைத் தூக்குவார்கள் என்று நினைத்தேன்.

"சரி" என்றார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, மீட்புப் படகு இல்லன்னா ரோந்து போவீங்களா?"

"ஏம்மா, உங்க ரூம்ல நீட்டிட்டாங்களா?" என்று சிரித்தார். "வருஷா வருஷம் நடக்கறதுதானே. வெட்ட மாட்டாங்க."

எழுதிக் கொடுத்த கையெழுத்து ஞாபகத்துக்கு வந்தது. வேடிக்கையாக இருந்தவரை அது ஞாபகத்துக்கு வந்ததில்லை. "ம்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. கொழுந்தன் தட்டில் கை வைத்துக்கொண்டு யோசனையாக உட்கார்ந்திருந்தான். "பழுது பாக்கணும்னு எஞ்சினைக் கழட்டிட்டோம் அண்ணி. ஷெட்டுத் தரையில பாகம் பாகமா கெடக்கு. புதுப் பாகம் எங்கன்னு கேட்டா, வரும் வரும்ங்கறாங்க. எங்கேர்ந்து வரும்?"

"வரும்டா" என்றார் இவர். "மேல இருக்கறவங்களுக்குத் தெரியாதா?"

மேலே இருப்பவர்கள். எங்கள் அறை மூன்றாம் மாடியில்தான் இருந்தது.

ஐந்தாவது மாதம், ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு, கரையிலிருந்து பதினோரு கடல் மைல் தள்ளி ரோந்துப் படகு ஏழின் எரிபொருள் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. படகில் ஆறு பேர். அவர் வானொலியில் மூன்று தடவை இடத்தைச் சொல்லியிருக்கிறார். குரலில் பதற்றமே இல்லை என்று பிறகு சொன்னார்கள். தம்பி வருவான் என்று நினைத்திருப்பார். தம்பி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு எஞ்சின் இல்லாத படகில் நின்றிருந்தான். எஞ்சின் இருந்திருந்தால் நாற்பது நிமிடம். பக்கத்துத் துறைமுகத்திலிருந்து படகு வர மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்து, நான் கேட்காமலே சொன்னார். "ரெண்டு மணி நேரம் எங்ககூடத்தான் மெதந்துக்கிட்டு இருந்தாருங்க. பேசிக்கிட்டேதான் இருந்தாரு."

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அந்தப் பாகம் வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடமாகப் பொய்களைத் திருத்தமாக எழுதிக் கொடுத்தவள், ஒரு பொய்யைச் சொந்தமாகச் சொல்ல வராதா? "தெரியும்" என்றேன்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவன் எங்கள் படியேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மூன்று பேருக்கு அரிசி அளந்துவிட்டு, இரண்டு பங்கைத் திரும்பக் கொட்டுவேன்.

விசாரணை நடந்தது. கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள். அதில் எல்லாம் சுத்தமாக இருந்தது. நான் டைப் அடித்ததல்லவா? கடற்படை தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தது, நிதித் துறை ஏற்றுக்கொண்டது, குழு ஒப்புதல் தந்தது. ஆகவே நடைமுறையில் எந்தப் பிழையும் இல்லை, எவர் மீதும் குற்றம் காண இயலாது என்று அறுபது பக்கத்தில் எழுதி முடித்தார்கள்.

தாமரை இலை வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கும்போதுதான் வந்த விஷயத்துக்கு வந்தார். "எப்பம்மா டூட்டிக்கு வரீங்க? புதுசா ஒரு பொண்ணைப் போட்டிருக்காங்க. நான் இருமினா அதையும் 'இருமல்'னு எழுதி வைக்குது."

ஒன்றரை மாதத்தில் போனேன். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் இருந்தாள், வேலையை விட முடியாது. தவிர, அந்த அறையைத் தவிர எனக்குப் போக வேறு இடமும் தெரியவில்லை. அதே நாற்காலியைத்தான் துடைத்துப் போட்டிருந்தார்கள்.

அடுத்த பட்ஜெட் வந்தது. இம்முறை பதினைந்து சதவீதம் என்று சுற்றறிக்கை. கடற்படையின் பட்டியலை டைப் அடிக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். முதல் வரியைப் பார்த்தேன். மீட்புப் படகின் எஞ்சின். அது இன்னும் ஷெட்டுத் தரையில்தான் கிடந்தது.

கூட்டம் தொடங்கும் முன், கத்தரி வருவதற்குள், மீசை பீரங்கியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் இதைத் தொடவே மாட்டான். பேப்பர்லல்லாம் வந்திருக்கு. நாலு பேர் போயிருக்கான். இதைவிட ஸ்ட்ராங்கா என்ன வேணும்?"

பீரங்கி அவர் முழங்கையை இடித்தார். "யோவ், அம்மா இருக்காங்க." அது கிசுகிசுப்பு என்று அவருக்கு நினைப்பு.

மீசை திரும்பினார். கொஞ்சமும் கூசவில்லை. "அம்மாவுக்குப் புரியும். அவங்க வீட்டுக்காரருக்காகவும்தானே இதைப் பண்றோம். இல்லையாம்மா?"

"எழுதிக்கட்டுமா சார்?" என்றேன்.

"இதெல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு" என்று சிரித்தார்.

என் கணவர் தண்ணீரில் மிதந்த இரண்டு மணி நேரத்தை அந்த ஆள் துருப்புச் சீட்டாக எடுத்து வைத்துவிட்டு, என்னிடமே தலையாட்டலை எதிர்பார்த்து நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கத்தரி வந்தார். மீசை வசனத்தைச் சொன்னார். கடைசியில், கண்களைத் தாழ்த்தி, "அந்த நாலு பேரை நெனச்சா எனக்கே மனசு வரல" என்று இந்த வருடத்துக்கான புது வரியையும் சேர்த்துக்கொண்டார்.

கத்தரி விசாரணை அறிக்கையைப் புரட்டினார். அவர் அதையும் முழுக்கப் படித்திருந்தார். "போன வருஷம் இதை வெட்டினதுல நடைமுறைப் பிழை எதுவும் இல்லன்னு தெளிவா வந்திருக்கே சார். முன்னுதாரணம் இருக்கு. இந்த வருஷமும் எடுத்துக்கறேன். நன்றி."

தாமரை இலை இருமினார். கத்தரி டம்ளரை நகர்த்தினார். பீரங்கி அவசரமாகத் தன் பட்டியலை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடற்படை எந்தத் தியாகத்துக்கும் தயார் என்று மறுபடி எழுதினேன். அத்தியாவசியப் பட்டியலில் பத்தொன்பதாம் எண்ணாக, தலைமையகத்தின் கண்ணாடி முகப்பு, இரண்டாம் கட்டம், ஒரு பேச்சும் இல்லாமல் தாண்டிப் போனது.

சாயங்காலம் ஆனது. "வாசிங்கம்மா" என்றார் தாமரை இலை, போனை எடுத்துக்கொண்டே.

வாசிக்க ஆரம்பித்தேன். பேனாக்கள் மூடின. பீரங்கி எந்த ஓட்டலில் மீன் நன்றாக இருக்கும் என்று வான்படைக்காரரிடம் விசாரித்தார். பத்து, சரி. பதினொன்று, சரி. பன்னிரண்டு வாசிக்கும்போது தாமரை இலையின் போன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே எனக்குக் கையால் "போங்க போங்க" என்று காட்டினார். பதின்மூன்று, சரி.

நோட்டில் இருந்த சுருக்கெழுத்துக் கோடுகள் "கைவிடப்படுகின்றன" என்றன. போன வருடம் இதே இடத்தில் ஓர் இடைவெளி விட்டேனே, அது ஞாபகம் வந்தது. இந்த வருடம் இடைவெளி விடவில்லை.

"பதினான்கு. மீட்புப் படகின் எஞ்சின் பழுதுபார்ப்பும் உதிரி பாகங்களும் வெட்டுக்கு உட்படாத இனமாக, முதல் காலாண்டிலேயே நிறைவேற்றப்பட வேண்டும்."

"சரி."

"வறுத்தா நல்லா இருக்காது, குழம்புதான்" என்றார் பீரங்கி. "சரி."

ஆனால் கூட்டுத்தொகை இடிக்குமே? எஞ்சினுக்குக் கொடுத்தால் வேறொன்றைக் குறைத்தாக வேண்டும். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக நாட்டின் பாதுகாப்பில் எது முக்கியம் என்று நான் யோசித்தேன். பதினைந்தாம் எண்ணிலிருந்து பதினெட்டாம் எண் வரை வாசித்த நேரம் அதற்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

"பத்தொன்பது. தலைமையகக் கண்ணாடி முகப்பின் இரண்டாம் கட்டம் கைவிடப்படுகிறது."

கத்தரி தலையைத் தூக்கினார். ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கவனித்தாரா, அல்லது கழுத்து வலித்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் முன்னால் "சரி" சொன்னது அவர்தான். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

அன்று மாலையே டைப் அடித்தேன். மறுநாள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. அவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று தெரிந்தவள் படிப்பார்கள் என்று பயந்திருக்கக்கூடாதுதான். இருந்தாலும் அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து மீசை காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார். "இது எப்பம்மா முடிவாச்சு? பதினாலு, பத்தொம்பது?"

"கூட்டத்துலதான் சார். வாசிச்சேன். சரின்னீங்க."

"நானா?"

"எல்லாரும் சார்."

"நோட்டக் கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பக்கத்தையே திறந்து கொடுத்தேன். என் கோடுகள், புள்ளிகள், வளைவுகள். பதினான்காம் எண்ணுக்கு எதிரே "கைவிடப்படுகின்றன" என்று தெளிவாக இருந்தது. மீசை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலை வைத்து வரி வரியாகப் போனார். தலையை லேசாக ஆட்டினார்கூட. நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"ம்ம்" என்றார். "இருக்கு."

கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், ஜெயிலுக்கும் போயிருப்பேன். ஆனால் அதைச் சொல்ல ஓர் ஆண்பிள்ளை வேண்டும். முந்தின வருடம் "சும்மா போட்டோம்" என்று சொல்ல முடியாதவர், இந்த வருடம் "மீனைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்" என்று சொல்லவா போகிறார்? "நான்தான் அழுத்திச் சொன்னேன், ஞாபகம் இருக்கு" என்றார். அந்த மாதக் கடற்படை இதழில், மீட்புப் படகுக்குப் புத்துயிர் அளித்தவர் என்று அவர் படம் வந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. கொழுந்தன். சட்டையெல்லாம் கிரீஸ். உள்ளே வரலாமா என்று வாசலிலேயே நின்றான்.

"எஞ்சின் ஏத்தியாச்சு அண்ணி" என்றான். "காலையில பதினோரு மைல் ஓட்டிப் பாத்தோம். நாப்பது நிமிஷம்கூட ஆகல. முப்பத்தாறு."

"உக்காரு" என்றேன். தட்டு வைத்தேன்.

அவன் உட்கார்ந்தான், தட்டைத் தொடவில்லை. "திடீர்னு எப்படி அண்ணி பாகம் வந்துச்சு? யாருக்குப் புத்தி வந்துச்சு?"

யாருக்கும் வரவில்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். பதினான்கு, பத்தொன்பது, மீன் குழம்பு, தலைகீழ் நோட்டு. தலைகீழ் நோட்டுக்கு அவன் சிரித்துவிட்டான். அவன் அண்ணனைப் போலவே புரையேறிச் சிரித்தான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே இருந்தவன் பாதியில் டம்ளரைக் கீழே வைத்தான். அந்தக் கேள்வி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நானும் வந்து நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"அப்ப போன தடவையும் அவங்க கேட்டிருக்க மாட்டாங்கல்ல அண்ணி?"

"கேட்டிருக்க மாட்டாங்க."

"நீங்க என்ன வாசிச்சிருந்தாலும்..."

"சரின்னுதான் சொல்லியிருப்பாங்க."

அவன் எழுந்து பின்பக்கம் கை கழுவப் போனான். குழாய் வெகுநேரம் ஓடியது. செருப்புச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். எழுந்து போகவில்லை. கூப்பிடவும் இல்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

குழாய் நின்றது. அவன் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான்.

"அடுத்த கூட்டம் எப்ப அண்ணி?"

"பிப்ரவரியில."

"தண்ணி எறைக்கற பம்ப் ரெண்டும் போயிடுச்சு. லைப் ஜாக்கெட்ல பாதி கிழிசல். ரோந்துப் படகு ஒன்பதுலயும் டீசல் குழாய் கசியுது, ஏழுல இருந்த அதே குழாய்தான்." பேனாவைத் தேடினான். எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியில் பம்ப் என்று எழுதினான். கொஞ்சம் யோசித்தான். அதை அடித்துவிட்டு மேலே குழாய் என்று எழுதினான். ஒன்பதில் எத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டேன். ஆறு பேர் என்றான். தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். இடது கையால் எழுதிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தான்.